தகரப் பெட்டிக்குள் ஒரு மண்டபம்

குயிலாப்பாளையத்தில் எந்த மின்சாதனம் பழுதானாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பை. வடக்கே ஈ.சி.ஆர். வழியாகப் போனால் மரக்காணத்து உப்பளங்கள். அங்கே பாத்தி கட்டி, கடல் தண்ணீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு உப்பு வாருகிறார்கள். இங்கே பாத்தியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். காற்றிலேயே வந்து மிக்ஸி சுவிட்சிலும் டி.வி. ரிமோட்டின் பேட்டரிக் கம்பியிலும் சைக்கிள் மணியிலும் உட்கார்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் உப்பளத்துக்கு ஓய்வு உண்டு, கடல்காற்றுக்குக் கிடையாது.

ஆகவே, கிடார் வாசிக்கும் உள்ளூர்த் தம்பி ஒருவர் ஆட்டோவிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கி, "எக்கோ மட்டும் வர மாட்டேங்குதுண்ணா, வால்வு போயிருக்கும்னு சொல்றாங்க" என்றபோது எனக்கு வால்வின் மேல் சந்தேகம் வரவில்லை. 1970-களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் அது. ஆரோவில்லில் தங்கியிருந்த ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனதாம். அமெரிக்காவின் 117 வோல்ட்டுக்குச் செய்த பெட்டி என்பதால், கூடவே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வந்து இறங்கியது.

வால்வு கண்ணுக்குத் தெரிகிறது, சிவப்பாக எரிகிறது, விலையும் அதிகம். அதனால்தான் எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டியவர்களிடம்தான் நான் தொழில் படித்தேன். அகுஜா பெட்டிகளில் வால்வு சூடேறும்வரை பாட்டு வராது; ஊரே குழாய் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டிகளிலும் வால்வு செத்ததை விட, பின் துருப்பிடித்ததும் ஒயர் விட்டுப்போனதும்தான் அதிகம்.

தம்பி எக்கோ என்று சொன்ன ரிவர்ப், பொய்யாக உண்டாக்கும் ஒரு மண்டபம். கல் மண்டபத்தில் பாடினால் குரல் சுவரில் மோதிக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வருகிறதே, அந்தத் தாமதத்தை இந்த ஆம்ப் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு நீளமான ஸ்ப்ரிங்குகளைக் கொண்டு செய்கிறது. ஒரு முனையில் காயில் ஒன்று ஸ்ப்ரிங்கை ஆட்டும். அந்த ஆட்டம் மறுமுனைக்குப் போய்ச்சேர ஒரு நொடியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு ஆகும். அங்கே இன்னொரு காயில் அதைப் பிடித்து மறுபடி மின்சாரமாக்கும். ஆட்டம் முனைகளில் மோதி மோதித் திரும்புவதால் ஒலி இழுத்துக்கொண்டே தேயும். இரண்டு ஸ்ப்ரிங்கும் ஒரே வேகத்தில் இருந்தால் தகரச் சத்தமாகிவிடும் என்பதற்காக வேண்டுமென்றே சற்று வேறுபடுத்தியிருப்பார்கள்.

இந்த யோசனையின் பூர்வீகம் இசை அல்ல, டெலிபோன். தொலைதூர லைன்களில் ஏற்படும் தாமதத்தைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க பெல் ஆய்வகம் ஸ்ப்ரிங்கைப் பயன்படுத்தியது. தம் ஆர்கன்கள் சின்ன அறைகளில் வறண்டு ஒலிப்பதைப் பார்த்த லாரன்ஸ் ஹாமண்ட் அதை எடுத்துக்கொண்டார். ஃபெண்டர் 1961-இல் தனிப் பெட்டியாக விற்று, 1963-இல் வைப்ரோவெர்ப் என்ற மாடலில் ஆம்ப்புக்குள்ளேயே வைத்தது. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பையன்களின் இசைக்கு இந்த ஈரமான சத்தம்தான் அடையாளமாயிற்று. நம் ஈ.சி.ஆர். கரையிலும் இப்போது பையன்கள் அலையில் சறுக்குகிறார்கள். அவர்கள் போனில் ஓடுவதோ கானா பாட்டு.

திருப்புளியைத் தொடும் முன் கேட்டுப் பார்க்க வேண்டியவை சில உண்டு. இந்த ஆம்பில் வைப்ரேட்டோ சேனலில் மட்டும்தான் ரிவர்ப். நார்மலில் சொருகிவிட்டு "வரலை" என்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது கால் சுவிட்ச். அது ரிவர்ப் சிக்னலை எர்த்தில் இறக்கித்தான் நிறுத்துகிறது. அதன் ஒயர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் ரிவர்ப் எப்போதும் ஊமை. இரண்டும் இங்கே சரியாக இருந்தன.

பிறகு ரிவர்ப் குமிழைப் பாதிக்குத் திருப்பிவிட்டுப் பெட்டியின் தலையில் கையால் ஒரு தட்டு. ஸ்ப்ரிங் குலுங்கி இடி இடிப்பது போலக் கேட்க வேண்டும். கேட்டால் ஸ்ப்ரிங்கிலிருந்து ஸ்பீக்கர்வரை பாதை நன்றாக இருக்கிறது, கோளாறு ஸ்ப்ரிங்கை ஆட்டும் பக்கம். 12ஏடி7 வால்வும் அதன் குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் அங்கேதான் இருக்கின்றன. கேட்காவிட்டால் கோளாறு திரும்பி வரும் பக்கம். ஒரே தட்டில் பாதி சர்க்யூட் கழிந்துவிடும். மருத்துவர்கள் முதுகில் தட்டிப் பார்ப்பது இந்த ஜாதிதான்.

இடி கேட்கவில்லை. திரும்பி வரும் ஒயரின் ஆர்.சி.ஏ. பின்னைத் தகரப் பெட்டியிலிருந்து உருவி, அதன் நுனியை விரலால் தொட்டேன். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று உறுமல். அப்படியானால் அந்தப் பக்கத்து வால்வு உயிரோடு இருக்கிறது. சந்தேகம் ஒயரைத் தாண்டித் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. சேஸிஸைத் திறக்கவே வேண்டாம் என்பதில் எனக்கு நிம்மதி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டர்கள் 400 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும். ரெசிஸ்டர் வைத்து இறக்காமல் உள்ளே கை வைப்பது வீரம் அல்ல.

தகரப் பெட்டி ஆம்பின் அடித்தட்டில், ஒரு ரெக்சின் பைக்குள் படுத்திருக்க வேண்டும். பையைக் காணோம். யாரோ எடுத்துவிட்டு நேராகப் பலகையில் திருகியிருந்தார்கள். மீட்டரை வைத்தேன். உள்ளே போகும் காயில் ஒரு ஓம் அளவு காட்டியது, சரி. வெளியே வரும் காயில் 200 ஓம் பக்கம் காட்ட வேண்டும்; முள் அசையவே இல்லை.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காயிலின் ஓரத்து முனையிலிருந்து ஆர்.சி.ஏ. சாக்கெட்டுக்குப் போகும் மெல்லிய கருப்பு ஒயர். சாக்கெட்டில் ஈயம் வைத்த இடத்தில் பச்சைக் களிம்பு பூத்து, அதற்குள் செம்பு பொடிந்து கிடந்தது. பிளாஸ்டிக் உறை மட்டும் இடத்தில் நின்றதால் பார்வைக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் தெரிந்தது. காயிலின் முனையில் நேராக மீட்டரை வைத்ததும் முள் 200-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

களிம்பைச் சுரண்டி, ஒயரைப் புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த ஒயரைப் போடுவது என்பதில் விஷயம் இருக்கிறது. தகரப் பெட்டிக்குள் இன்னொரு தட்டு, நாலு மூலையிலும் சின்னச் சின்ன ஸ்ப்ரிங்கில் தொங்குகிறது. வெளியே நடக்கும் அதிர்வு உள்ளே எட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அங்கே விறைப்பான ஹூக்-அப் ஒயரைப் பற்றவைத்தால் தட்டுக்குத் தூண் முட்டுக் கொடுத்ததாகிவிடும். பழைய ஹெட்போன் ஒன்றை அறுத்து, அதன் துவளும் ஒயரில் ஒரு துண்டை, தளர்வாகத் தொங்கும்படி வைத்தேன். பின்களை ஸ்பிரிட்டில் துடைத்தேன்.

ரிவர்ப் வந்தது. கூடவே குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றினால் ஊளையும் வந்தது. ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாகத் தகரத்துக்கு ஏறி, ஸ்ப்ரிங்கை ஆட்டி, மறுபடி ஸ்பீக்கருக்கே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய ஸ்கூல் பை ஒன்றை அளவுக்கு வெட்டித் தைத்து, அடியில் அட்டை கொடுத்துப் படுக்கவைத்ததும் அடங்கியது.

"புது ஸ்ப்ரிங் பெட்டியே வாங்கிடலாமாண்ணா?" என்று கேட்டார். கிடைக்கும், வாங்கினால் தப்பில்லை. ஆனால் அதுவும் இதே காற்றில்தான் இருக்கப்போகிறது என்றேன். மாதம் ஒருமுறை பின்களை உருவி உருவிச் சொருகினாலே பாதி உப்பு உதிரும். வாசிக்காத நாளிலும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அந்தச் சூட்டில் ஈரம் தங்காது.

அவருக்கு உடனே எடுத்துப் போக அவசரம். நான் விடவில்லை. ஆம்பின் மூன்றாவது பின், அதாவது எர்த், ஸ்டெப்-டவுனில் போட்டிருந்த அடாப்டரோடு நின்றுபோயிருந்தது. கிடார்க் கம்பியில் விரலும் மைக்கில் உதடும் வைப்பவருக்கு அது எக்கோவை விட முக்கியம். சுவர் பிளக்கிலிருந்து ஆம்ப்வரை எர்த்தை இழுத்துக் கட்டி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அதற்குத் தனியாகக் காசு கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.