ஆரம்ப சூரனும் நின்றெரியும் விளக்கும்

“ஆரம்ப சூரர்” என்று நம்மவர்கள் சிலரைக் குறிப்பிடுவதுண்டு. தொடங்கும்போது ஊரைக் கூட்டும் ஆரவாரம்; பாதி வழியில் ஆளைக் காணோம். மனிதரில் மாத்திரமன்றி, கையிலே பிடிக்கும் மின்சூள்களிலும் இவ்வினத்தார் உளர் என்பதை ஒரு மாரிகால இரவிலே நாம் கற்றுக்கொண்டோம்.

அன்று அடைமழை. மின்சாரம் நின்று நெடுநேரமாகியிருந்தது. அயல்வீட்டு ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழும்ப இயலாது கிடந்தார். ஒழுங்கையிலே வெள்ளம், வாகனம் உள்ளே வர வழியில்லை. சாய்மனைக் கதிரையில் அவரைக் கிடத்தி நால்வர் சுமக்க, பெருந்தெரு வரை கால்மணி நேரம் நடக்கவேண்டும். “வெளிச்சத்துக்கு நாம் பொறுப்பு” என்று முன்வந்தோம். புதிதாக வாங்கிய சின்னஞ்சிறு ரோர்ச் ஒன்று எமது சட்டைப்பையில் இருந்தது. அதன் பெட்டியிலே 1000 லூமன் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

முழு வலுவில் ஏற்றினோம். ஒழுங்கை பகலாயிற்று; எமது உள்ளமும் பூரித்தது. நான்கு நிமிடம் ஆகவில்லை. கைப்பிடி சுட்டது, ஒளி மங்கிற்று. பற்றரி முடிந்ததென்று அஞ்சி, அணைத்து மறுபடி ஏற்றினோம். சற்றே பிரகாசித்துப் பின்னும் மங்கிற்று. பேரொளிக்குப் பழகிய கண்களுக்கு மங்கிய ஒளி இருளாகவே தோன்றியது. மதகடியிலே முன்னே சுமந்தவர் குழியில் கால் வைத்துத் தடுமாற, கதிரை சரிந்தது. ஆச்சியின் அலறல் இன்னும் எமது செவியில் நிற்கிறது.

அப்பொழுது பின்னால் வந்த மருமகன், “மாமா, நீங்கள் பின்னுக்கு வாங்கோ. என்ரை லைற் காணும்” என்று கூறி முன்னே சென்றான். அவனுடைய ரோர்ச் சற்றுப் பருத்தது, 700 லூமன்தான். அதையும் அவன் நடு நிலையில் வைத்திருந்தான். பெருந்தெரு வரை அவ்வொளி மாறவேயில்லை.

வெட்கம் எம்மை உறங்கவிடவில்லை. உயர்தரத்தில் பௌதிகம் பயிலும் அவனையே மறுநாள் ஆசிரியனாகக் கொண்டோம். இருண்ட அறையிலே இரண்டு ரோர்ச்சுகளையும் முகட்டை நோக்கி நிறுத்தி, முழு வலுவில் ஏற்றி, கைத்தொலைபேசியின் ஒளிமானியால் நிமிடந்தோறும் அளந்தோம். இரண்டிலும் உள்ளது ஒரே அளவான இலிதியம் அயன் கலம்: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். எமது சூரன் ஐந்தாம் நிமிடத்தில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கினான். மருமகனுடையதோ பதினைந்தாம் நிமிடத்திலும் முக்கால் பங்குக்குக் குறையவில்லை. பின்னர் மின்விசிறியைச் சுழலவிட்டு அளந்தோம். என்ன விந்தை! எமது ரோர்ச்சும் பாதிக்குமேல் நின்று எரிந்தது. குற்றம் பற்றரியிலன்று, வெப்பத்திலே என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

காரணம் யாதெனில், பழைய இழைக்குமிழ் தன் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கதிராகவே வெளியே வீசிவிடும். இக்காலத்து ஒளிகாலும் இருவாயி அவ்வாறு செய்வதில்லை. 10 வாற்று மின்வலுவை உண்டால், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே ஒளியாகும். மற்றையது அதன் முதுகுப்புறத்தில் வெப்பமாகத் தேங்கும். அவ்வெப்பம் செம்புத் தகட்டின் வழியாக அலுமினிய உடலுக்கு வந்து, அங்கிருந்து காற்றுக்கும் கைக்கும் செல்லவேண்டும். விரலளவு உடல் காற்றில் கழிக்கக்கூடியதோ இரண்டு மூன்று வாற்று மாத்திரமே. மிகுதி உள்ளே சேர, 50 பாகை செல்சியசைத் தாண்டினால் கையால் நெடுநேரம் பிடிக்க முடியாது, ஒளித்திறன் குறையும், கலத்துக்கும் கேடு. ஆகவே உள்ளிருக்கும் வெப்ப உணரி மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. அது பழுதன்று, தற்காப்பு.

பாரமான உடல் வெப்பத்தைச் சிறிது நேரம் வாங்கி வைத்துக்கொள்ளும், பெரிய பானையின் நீர் தாமதித்துக் கொதிப்பதுபோல. ஆயினும் முடிவில் வெப்பத்தை வெளியேற்றுவது மேற்பரப்பே. தலைப்பாகத்தில் வரிவரியாகத் தகடுகள் வெட்டியிருப்பது அழகுக்காக அன்று.

அப்படியாயின் பெட்டியிலுள்ள 1000 பொய்யா? பொய்யுமன்று. 2009 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நியமத்தின்படி, ஒளியை ஏற்றிய 30 செக்கனுக்கும் 2 நிமிடத்துக்கும் இடையிலே அளக்கிறார்கள். எரியும் நேரத்தையோ, ஒளி பத்திலொரு பங்காகக் குறையும்வரை கணக்கிடுகிறார்கள். எனவே “1000 லூமன், 2 மணி நேரம்” என்றால், 2 மணி நேரமும் 1000 லூமன் என்று பொருளல்ல. அக்கலத்திலுள்ள சக்தி ஏறக்குறைய 10 வாற்று மணி. 10 வாற்று வீதம் செலவிட்டால் ஒரு மணி நேரத்துக்கே போதும்.

மாணவச் செல்வங்களே, இக்கருவியின் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்றுக்கு “மின்னல்போல் பளிச்சிடும் விளக்கு” என்பதே பொருள். டேவிட் மிசெல் என்பவருக்கு 1899 இல் அமெரிக்காவில் உரிமைப்பத்திரம் கிடைத்தபோது, அக்காலத்துக் கலங்களால் தொடர்ந்து ஒளிதர இயலவில்லை. விட்டுவிட்டே எரிக்க முடிந்தது. அன்று தடை கலம்; இன்று தடை வெப்பம். நின்றெரிவதே என்றும் அரிது.

இப்பொழுது நாமும் நடு நிலையிலேயே நடக்கிறோம். ஒளி நான்கிலொன்றாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது பாதியளவாகவே தோன்றும். ஆகவே இழப்பு அத்துணை பெரிதன்று. முழு வலுவைத் தூரத்தே ஒன்றைப் பார்க்கும் கணத்துக்கு மாத்திரம் வைத்திருக்கிறோம். ஏற்றியபடியே சட்டைப்பையில் இடுவதில்லை. துணியும் உடலும் கருகக்கூடும். கடையிலே எவரேனும் வாங்க வந்தால், “முதல் நிமிடத்து ஒளியைக் கேளாதீர், பதினைந்தாம் நிமிடத்தில் எவ்வளவு என்று கேளுங்கள்” என்கிறோம்.

ஆச்சி தேறிவிட்டார், ஊன்றுகோலுடன் நடமாடுகிறார். இருட்டியபின் எம்மைக் கண்டால், “தம்பி, நீர் போம், உம்மடை மருமகனை வரச்சொல்லும்” என்பார். அச்சொல்லும் கைப்பிடியைப்போலச் சற்றுச் சுடத்தான் செய்கிறது.