வெறும் வண்டி பொய் சொல்லும்

மலை ஏறணும்னு ஆசைப்பட்டு டேராடூன்ல ஒரு பழைய மாருதி ஜிப்ஸி வாங்கினேன். வாங்கினதும் எல்லாரும் பண்ற முதல் காரியத்தை நானும் பண்ணினேன். இருந்த டயரைக் கழட்டிட்டு, பல்லு பல்லா இருக்கிற பெரிய டயரை மாட்டியாச்சு. வண்டி சும்மா சிங்கம் மாதிரி நின்னுச்சு :-)

கணக்கு இதுதான். பழைய டயர் 205/70 ஆர்15, அதாவது 668 மி.மீ. உயரம். புதுசு 235/75 ஆர்15, 733 மி.மீ.க்கு மேல. அச்சிலிருந்து மேல் பக்கம் மட்டும் பார்த்தா 33 மி.மீ. கூடுதல். அகலத்துலயும் 30 மி.மீ. கூடுது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல 66ல போவோம்.

கடைக்காரர் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுக் காட்டினார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல விரல் போச்சு. "பில்குல் டீக் ஹை சார்" என்றார். நானும் நம்பினேன்.

அந்த ஞாயித்துக்கிழமை சக்ராதா கிளம்பினோம். தங்கமணி, ரெண்டு பசங்க, ஊர்லேருந்து வந்திருந்த மாமனார், மாமியார், புளிசாதம், தண்ணி கேன் எல்லாம் ஏறியாச்சு. கால்சி தாண்டி ஏத்தத்துல ஒரு கொண்டை ஊசி வளைவு. இடது பக்கம் ஒடிக்கிறேன், வலது முன் சக்கரம் குழியில விழுந்து எழுந்தது. 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். ஸ்டியரிங் ஒரு நொடி கையில இறுகிப் போச்சு. எதிர்ல ஒரு லாரி.

எப்படியோ ஓரம் கட்டினேன். ரப்பர் கருகின வாசனை. மட்கார்டு விளிம்பு டயரோட பக்கவாட்டை ரெண்டு விரல் நீளத்துக்குக் கீறியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஆழமா இறங்கியிருந்தா வளைவுலயே வெடிச்சிருக்கும். மாமனார் ஒண்ணும் சொல்லலை. சின்னவனைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டார். நடக்கிற வேகத்துல கீழே இறங்கி வந்தோம்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். சங்ககிரியில முப்பது வருஷம் லாரி ஓட்டினவர்.

"லோடு ஏத்திப் பாத்தியா கண்ணு?"

"இல்லீங்ப்பா, கடையில வெறும் வண்டியிலதான்..."

"வெறும் வண்டி பொய் சொல்லுங் கண்ணு."

அப்புறம் அவர் சொன்னபடியே செஞ்சேன். நீங்களும் செய்யலாம். முழு பாரம் ஏத்துங்க. நான் பின்னாடி மணல் மூட்டை போட்டு, முன்னாடி ரெண்டு பேரை உட்கார வச்சேன். சமதரையில வலது முன் சக்கரத்தையும் இடது பின் சக்கரத்தையும் கட்டை மேல ஏத்துங்க. அப்பத்தான் வலது முன் ஸ்பிரிங் பட்டா நல்லா அமுங்கும். மட்கார்டு உள் விளிம்பு, பம்பர் மூலை எல்லாம் சாக்பீஸ் தடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசிவரை மெதுவா ஒடிங்க. ரிவர்ஸ்லயும் பாருங்க. டயர்ல வெள்ளை ஒட்டினா உரசுதுன்னு அர்த்தம். உள் பக்கம் பட்டாவும் பிரேக் ஹோஸும் முக்கியம். அடுத்த பக்கத்துக்கும் இதே மாதிரி.

எனக்கு மட்கார்டு, பம்பர் ரெண்டு இடத்துலயும் வெள்ளை ஒட்டுச்சு. வண்டியை உயர்த்தலாம், மட்கார்டை வெட்டலாம்னு மெக்கானிக் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019ல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்த மாதிரி மாற்றத்துக்கு இடம் குடுக்கலை. ஸ்டியரிங் ஒடிப்பைக் குறைக்கிற வழியும் இருக்கு. ஆனா கொண்டை ஊசியில ரிவர்ஸ் போட்டுப் போட்டுத் திரும்ப யாரால முடியும்?

கடைசியில பெரிய டயரை நஷ்டத்துக்கு வித்துட்டு 215/75 ஆர்15க்கு இறங்கினேன். மேல் பக்கம் 18 மி.மீ.தான் கூடுதல். மறுபடி சோதிச்சேன், டயர்ல வெள்ளை இல்லை. ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சும் ஒரே சைஸ். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில ஒண்ணு மட்டும் வேற சைஸா இருந்தா கியர் பக்கம் கெட்டுடும்.

மறுமாசம் அதே வளைவு. வண்டி சத்தமே இல்லாம திரும்புச்சு. பின்னாடியிலேருந்து மாமனார் குரல் மட்டும் வந்தது.

"மாப்ளே, சாக்பீஸ் போட்டுப் பாத்தீங்கல்ல?"