செங்கல் மாளிகையும் குத்தகைப் பத்திரமும்

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தின் வடக்குக் கடற்கரையை ஒட்டி இருக்கிறது ஹோல்காம் மாளிகை. பிரபுக்களின் மாளிகை என்றால் கல் கட்டடத்தைத்தான் எதிர்பார்ப்போம். இது செங்கல் கட்டடம். அந்தச் செங்கல்லும் சிவப்பாக இருக்காது. வட்டாரக் களிமண்ணில் சுட்டது. வெளிர் மஞ்சளாக இருக்கும்.

கட்டியவர் தாமஸ் கோக். இளம் வயதில் ஆறு ஆண்டுகள் ஐரோப்பாவைச் சுற்றி, இத்தாலியக் கட்டடங்களில் மனதைப் பறிகொடுத்தவர். 1720-ல் தென்கடல் கம்பெனிப் பங்குகள் சரிந்ததில் பெரும் பணத்தை இழந்தார். அதனால் 1734-ல்தான் கட்டுமானம் தொடங்கியது. வடிவமைப்பில் முக்கியப் பங்கு வில்லியம் கென்ட்டுக்கு. நடுவில் பெரிய கட்டடம். நான்கு மூலைகளில் குடும்பம், விருந்தினர், வழிபாடு, சமையல் என நான்கு துணைக் கட்டடங்கள். வெளிப்புறத்தில் அலங்காரம் குறைவு. உள்ளே நுழைந்ததும் டெர்பிஷயர் அலபாஸ்டர் கல் தூண்கள் வரிசையாக நிற்கும் உயரமான கூடம். 1759-ல் கோக் இறந்தார். அவர் மனைவி மார்கரெட் 1764-ல் வேலையை முடித்தார்.

இந்த மாளிகை நின்றது குத்தகை வருமானத்தில். 1776-ல் பண்ணை, அதே குடும்பத்தின் தாமஸ் வில்லியம் கோக் கைக்கு வந்தது. கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்ற நான்கு பயிர்ச் சுழற்சியை இவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அது சரியல்ல, இவருக்கு முன்பே நார்ஃபோக் விவசாயிகள் செய்து வந்தது அது. டர்னிப் ஆடுமாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம். குளோவர், நம் தக்கைப்பூண்டு போல, மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும்.

கோக்கின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. குத்தகைதாரர்களுக்கு 21 ஆண்டுகள் வரை நீண்ட குத்தகை கிடைத்தது. அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், மணல் நிலத்துக்குச் சுண்ணாம்புக் களிமண் அடித்துச் செலவு செய்ய மாட்டார். பலன் வர ஆண்டுகள் ஆகும். உறுதி இருந்தால்தான் மண்ணில் பணம் போடுவார்.

கோக் 1842-ல் இறந்த பிறகு, குத்தகைதாரர்கள் பணம் திரட்டி மாளிகைத் தோட்டத்தில் 120 அடித் தூண் எழுப்பினார்கள். உச்சியில் கோதுமைக் கதிர்க்கட்டு. அடியில் நான்கு மூலைகளில் மாடு, செம்மறி ஆடு, ஏர், விதைப்புக் கருவி. பக்கச் சிற்பங்களில் ஒன்று, குத்தகை வழங்கும் காட்சி.

போர்க்களத்தைச் செதுக்கிய தூண்கள் ஏராளம். குத்தகை வழங்குவதைச் செதுக்கியது அபூர்வம். ஹோல்காம் போகிறவர்கள் மாளிகையோடு திரும்பிவிடாமல், அந்தத் தூண் வரை நடந்துவிட்டு வர வேண்டும்.