வெள்ளைப் பந்து நிற்கும் இடம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போகும். வேதகிரீசுவரர் மலை வெகுநேரம் ஜன்னலோரம் கூடவே வரும். அது பின்னால் போன பிறகு காற்றில் உப்பு தெரிய ஆரம்பிக்கும். சின்ன வயதிலிருந்து பழகிய பாதை. கடலில் கால் நனைக்கவும், ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களுக்கு ஐந்து ரதத்தைக் காட்டவும் போய்வந்த பாதை. பூல் ஆடுவதற்காக அதே பஸ்ஸில் ஏறுகிற ஆளாக என்னை மாற்றியது ஒரு மார்கழி மழை.

நாட்டிய விழா பார்க்கப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கிழக்கு ராஜ வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் சின்ன லாட்ஜுகள் நிறைய. அதில் ஒன்றின் முன்கூடத்தில் ஒதுங்கினேன். நடுவில் பச்சைத் துணி போர்த்திய மேஜை. ஒருவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பட்டறையில் சிலை செதுக்குகிறவர். முன்கையில் கல் தூசி அப்படியே இருந்தது.

“கேரம் ஆடுவீங்களா தம்பி?” என்றார். “எப்படிண்ணே தெரியும்?” என்றேன். “விரல் சும்மா இல்லையே” என்று சிரித்தார்.

எங்கள் தெரு மன்றத்தில் கேரம்தான் எல்லாம். போர்டுக்கு மேலே தொங்கும் குண்டு பல்பு, போரிக் பவுடர், நள்ளிரவு வரை சத்தம். இரண்டு முறை உலகச் சாம்பியனான சென்னைக்காரர் மரிய இருதயத்தின் பெயரைச் சொன்னால் அங்கே வாக்குவாதம் அடங்கும். ஓரத்தில் அடித்துத் திருப்புவது, கட் அடிப்பது, ரெட்டைப் போட்டு ஃபாலோ எடுப்பது எல்லாம் கைவந்தவை. கோணம் எனக்குத் தெரியும் என்ற தெம்போடுதான் குச்சியை வாங்கினேன்.

அவர் ஒரு பந்தை நேரே வைத்து, வெள்ளைப் பந்தை நடுவுக்குச் சற்றுக் கீழே தட்டினார். முன்னால் இருந்த பந்து குழிக்குள் போனது. வெள்ளை, மோதிய இடத்திலேயே நின்றது. துளியும் நகரவில்லை.

அந்த ஒரு அடிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கேரமில் இது நடக்காது. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காய் ஐந்து கிராம் சொச்சம். கனத்தது மெலிந்ததை இடித்தால் இடித்த பிறகும் முன்னேதான் போகும். பூல் பந்துகள் ஒவ்வொன்றும் சுமார் 170 கிராம், வெள்ளையும் அதே எடை. உருளாமல் வழுக்கிக்கொண்டு போய் நேருக்கு நேர் மோதினால், தன் வேகம் மொத்தத்தையும் எதிர்ப் பந்துக்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஓரத்தில் மோதினால் இரண்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் பிரியும். பள்ளியில் உந்தம் என்று படித்தது, அந்த முன்கூடத்தில் கண்ணெதிரே நடந்தது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கேரமில் அடித்த பிறகு ஸ்ட்ரைக்கரை எடுத்து நம் கோட்டில் வசதிப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்கிறோம். பூலில் வெள்ளை எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. “போடறது பெரிசில்ல தம்பி. போட்ட பிறகு வெள்ளை எங்க நிக்குதுன்னு பாருங்க” என்றார் அவர். ஒன்றிலிருந்து ஏழு வரை முழு வண்ணம், ஒன்பதிலிருந்து பதினைந்து வரை பட்டை, கடைசியில் கறுப்பு எட்டு. சட்டம் இவ்வளவு எளிது. ஆனால் முதல் பந்தைப் போடும்போதே மூன்றாவது பந்துக்கு வழி யோசிக்க வேண்டும்.

மழை விட்டும் நான் கிளம்பவில்லை. மேஜையின் அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். “மேலதான் துணி, உள்ள கல்லு. சிலேட்டுக் கல்லு. இவ்வளவு பரப்புக்கு மட்டம் எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல.” கருங்கல்லோடு வாழ்கிறவர் சொன்ன பாராட்டு அது. கடற்காற்றின் ஈரத்தில் துணி பதத்துப்போய்ப் பந்து மெதுவாக ஓடுவதையும், அதற்குத் தகுந்தபடி கை வேகம் கூட்டுவதையும் அவரிடம்தான் கற்றேன்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். பூலின் நெருங்கிய உறவான ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்தது. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லெயின் என்ற படை அதிகாரி தொடங்கி வைத்தார் (பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் வேறு ஆள்). அதன் விதிகள் 1882-ல் உருப்பெற்றது நம் ஊட்டி கிளப்பில். 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வில்சன் ஜோன்ஸ் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஆட்டத்தில் கிடைத்த முதல் உலகப் பட்டம். இவ்வளவு இருந்தும், பூல் ஆடப் போகிறேன் என்றால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். இதைவிடப் பொறுமை கேட்கிற ஆட்டத்தை நான் ஆடியதில்லை.

மன்றத்து நண்பர்களை ஒவ்வொருவராக அந்த பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அவர்களிடம் முதலில் ஆட்டம் ஆடச் சொல்வதில்லை. ஒரு பந்தை நேரே வைத்து, வெள்ளையை நிறுத்திக் காட்டச் சொல்கிறேன்.