யாருக்குப் பதில் யார்?

2020 அக்டோபர் 27. டெக்சாஸில் ஆர்லிங்டன் மைதானம், பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். அதைப் பற்றி இன்றும் என்னால் குரல் உயராமல் பேச முடியாது. தோற்றால் தொடர் போய்விடும் என்ற நிலையில் டாம்பா பே ரேஸ் அணி, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸை 1-0 என்று அடக்கி வைத்திருந்தது. அடக்கி வைத்திருந்தவர் இடக்கைப் பிட்சர் ப்ளேக் ஸ்னெல். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட் ஆகியிருந்தார். அதுவரை வீசிய பந்துகள் 73, ஸ்ட்ரைக்அவுட் 9, ஒருவரைக்கூட வாக்கில், அதாவது இலவசமாக முதல் பேஸுக்கு, விடவில்லை. ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்தார். அன்று ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட் அது. அவ்வளவுதான். மேனேஜர் கெவின் கேஷ் பிட்சர் நிற்கும் மவுண்டை நோக்கி நடந்தார், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் கனம் உடனே பிடிபடாது. அங்கே ஒரு பந்துவீச்சாளரை நான்கு ஓவருக்கு ஓய்வு கொடுத்துத் திரும்ப அழைக்கலாம். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே எடுத்தவர் அன்று திரும்பி வரவே முடியாது. பேட்டருக்கும் இதே விதிதான். ஒன்பது பேர் கொண்ட லைன்அப் குறித்த வரிசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். வரிசையை நடுவில் கலைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு மாற்றமும் ஒரு கதவை அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறப்பது.

கேஷிடம் ஒரு நியாயம் இருந்தது. ஒரே பிட்சரை மூன்றாவது முறையாகச் சந்திக்கும் பேட்டர்கள் மொத்தத்தில் நன்றாக அடிக்கிறார்கள். பல ஆண்டுக் கணக்குகள் இதைத்தான் சொல்கின்றன. வரிசையின் தலையில் மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் மூன்றாவது சுற்றுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் முதல் இரண்டு சுற்றில் அந்த மூவரும் ஸ்னெல்லிடம் ஆறு முறை நின்று ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆனவர்கள். பெட்ஸ் வலக்கைக்காரர்தான் என்றாலும் அந்த ஆண்டு இடக்கைப் பிட்சர்களிடம் தடுமாறியவர்.

ஸ்னெல்லை எடுத்ததே குற்றம் என்று பெரும்பாலானோர் சொல்கிறார்கள். என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னிலிருந்து ஓடி வந்தவர் நிக் ஆண்டர்சன். நல்ல பிட்சர், ஆனால் அந்த அக்டோபரில் களைத்துப்போனவர். அதற்கு முன் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ரன் கொடுத்திருந்தார். ஸ்னெல்லின் மூன்றாவது சுற்று எவ்வளவு மோசமாகும் என்று கேஷின் கணக்கு சொன்னது. ஆண்டர்சனின் முதல் சுற்று எப்படி இருக்கும் என்று அதே கண்டிப்போடு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெட்ஸ் டபுள் அடித்தார். கேட்சரால் பிடிக்க முடியாத ஒரு வைல்ட் பிட்சில் பார்ன்ஸ் வீடு சேர்ந்தார். சீகர் உருட்டிய பந்தில் பெட்ஸும் வந்துவிட்டார். கடைசியில் 3-1 என்று ஆட்டம் முடிந்தது. கோப்பை டாட்ஜர்ஸுக்குப் போனது.

பேஸ்பால் மேட்ச்அப் என்றால் இருவர் விஷயம் என்று நினைக்கிறோம்: இந்தப் பிட்சர், இந்தப் பேட்டர். எனக்கு அது எப்போதும் மூவர் விஷயம். மூன்றாமவர் வேலிக்கு அப்பால் கையைச் சூடேற்றிக்கொண்டிருப்பவர், அல்லது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். ‘எடுக்கலாமா’ என்ற கேள்வியைத் தனியாகக் கேட்பதில் பொருளே இல்லை. யாருக்குப் பதில் யார் என்று கேட்டால்தான் அது கேள்வி.

இடக்கை–வலக்கை கணக்கு பேஸ்பாலின் மிகப் பழைய கணக்கு. இடக்கைப் பிட்சரின் ஸ்லைடர் இடக்கை பேட்டருக்குத் தோளுக்குப் பின்னாலிருந்து வருவதுபோலத் தோன்றி, மட்டையை விட்டு விலகி ஓடும். எதிர்க்கைப் பிட்சர் என்றால் பந்து கையை விட்டுப் புறப்படுவதே தெளிவாகத் தெரியும். இதை வைத்து ஆடப்பட்டவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 1924 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். வாஷிங்டன் அணிக்கு மேனேஜர் பக்கி ஹாரிஸ். வயது 27, அணியின் இரண்டாவது பேஸ்மேனும் அவரே. எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ், அதன் மேனேஜர் கிழச் சிங்கம் ஜான் மெக்ரா. ஜயன்ட்ஸில் பில் டெர்ரி என்ற இளம் இடக்கை பேட்டர் அந்தத் தொடரில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மெக்ரா அவரை வலக்கைப் பிட்சர்களுக்கு எதிராக மட்டுமே இறக்குவார்.

ஹாரிஸ் வலக்கைக்காரர் கர்லி ஆக்டனைத் தொடக்கப் பிட்சராக அறிவித்தார். மெக்ரா டெர்ரியை லைன்அப்பில் போட்டார். ஆக்டன் ஒருவரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அடுத்தவரை வாக்கில் விட்டார். உடனே அவரை எடுத்துவிட்டு இடக்கைக்காரர் ஜார்ஜ் மோக்ரிட்ஜை ஹாரிஸ் கொண்டுவந்தார். டெர்ரி திணறினார். ஆறாவது இன்னிங்ஸில் மெக்ரா பொறுமை இழந்து டெர்ரிக்குப் பதில் வலக்கை பேட்டரை அனுப்ப, ஹாரிஸ் மறுபடி வலக்கைப் பிட்சரை இறக்கினார். டெர்ரி இனி வர முடியாது. ஒன்பதாவது இன்னிங்ஸில் 36 வயது வால்ட்டர் ஜான்சன், வலக்கையின் மாமன்னர், மவுண்டில் ஏறியபோது அவருக்கு எதிரே நிற்க வேண்டிய டெர்ரி பெஞ்சில் இருந்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் வாஷிங்டன் 4-3 என்று வென்றது. ஆக்டன் வீசியது இரண்டே பேட்டர்களுக்கு. ஆனால் ஹாரிஸ் யாரை எப்போது இறக்கினாலும், மெக்ராவிடம் பதிலுக்கு யார் மிச்சம் இருப்பார் என்பதைப் பார்த்தே இறக்கினார். நூறாண்டு கழிந்தும் இதைவிடத் தெளிவான ஆட்டத்தை நான் படித்ததில்லை.

இப்போது 2003க்கு வருகிறேன். யாங்கி ஸ்டேடியம், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸுக்கு எதிராக பாஸ்டன் 5-2 என்று முன்னால் இருந்தது. பாஸ்டனின் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ். ஒரு டபுள், ஒரு சிங்கிள், 5-3; அதற்குள் அவர் 115 பந்துகள் வீசிவிட்டார். மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்குப் போய்ப் பேசினார், வெறுங்கையோடு திரும்பினார். மட்சுயி டபுள், போசாடா டபுள், 5-5. மட்சுயி இடக்கை பேட்டர். இடக்கைக்காரர் ஆலன் எம்ப்ரீ தயாராக நின்றார். மைக் டிம்லினும் இருந்தார். அந்த அக்டோபர் முழுவதும் இருவரையும் யாராலும் தொட முடியவில்லை. பெட்ரோ பெரியவர்தான். ஆனால் லிட்டில் எடுக்காமல் விட்டது யாரை என்று மட்டும் பேசுகிறோம். கூப்பிடாமல் விட்டது யாரை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அதே ஆட்டத்தில் யாங்கீஸ் லைன்அப்பையும் பாருங்கள். மூன்றாவது பேஸில் வழக்கமாக ஆடும் ஆரன் பூன் என்பவரை மேனேஜர் ஜோ டோரி உட்கார வைத்துவிட்டு என்ரிக்கே வில்சனை இறக்கினார். வில்சன் பொதுவாகப் பலவீனமான பேட்டர். பெட்ரோவிடம் மட்டும் நன்றாக அடித்த பழைய கணக்கு இருந்தது. சில பத்துச் சந்திப்புகளை வைத்து ஒருவரை நம்புவது எனக்கு ஒப்புவதில்லை. அன்று வில்சனால் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் பதில் ஓட்டக்காரராக உள்ளே வந்த பூன், பதினோராவது இன்னிங்ஸில் டிம் வேக்ஃபீல்டின் முதல் பந்தையே ஹோம் ரன்னாக்கி ஆட்டத்தை முடித்தார்.

அந்த ஆரன் பூன் பிறகு யாங்கீஸ் மேனேஜர் ஆனார். 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டம், டாட்ஜர் ஸ்டேடியம், பத்தாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 3-2, இரண்டு பேர் பேஸில், ஒருவர் அவுட், வருகிறவர் இடக்கை பேட்டர் ஷோஹெய் ஓட்டானி. பூனிடம் இரண்டு இடக்கைக்காரர்கள். டிம் ஹில் அந்த மாதம் முழுக்க வீசிக்கொண்டிருந்தவர், பந்தைத் தரையில் உருட்ட வைப்பவர். நெஸ்டர் கோர்ட்டெஸ் முழங்கைக் காயத்தால் செப்டம்பர் 18க்குப் பிறகு ஒரு ஆட்டத்திலும் வீசாதவர். பூன் கோர்ட்டெஸை அழைத்தார். முதல் பந்திலேயே ஓட்டானி கேட்ச் ஆனார். தேர்வு பலித்ததுபோலத்தான் இருந்தது. ஆனால் யாங்கீஸ் ஃபீல்டர் வெர்டுகோ பிடித்த வேகத்தில் வேலியைத் தாண்டி விழுந்ததால் ஓட்டக்காரர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறினார்கள். வலக்கை பெட்ஸை வேண்டுமென்றே வாக்கில் விட்டார்கள். பேஸ் மூன்றும் நிரம்பின. அடுத்தவர் இடக்கை ஃப்ரெடி ஃப்ரீமன், சுளுக்கிய கணுக்காலோடு. கோர்ட்டெஸின் இரண்டாவது பந்து வலப்புறக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. உலகத் தொடர் வரலாற்றில், பேஸ் மூன்றும் நிரம்பியிருக்க அடிக்கும் ஹோம் ரன்னான கிராண்ட் ஸ்லாம் ஒன்றால் ஆட்டம் முடிந்தது அதுவே முதல் முறை.

2020 முதல் ஒரு விதி இருக்கிறது: உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். எனவே ஓட்டானிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே ஃப்ரீமனுக்கும் தேர்ந்தெடுத்தாயிற்று. இடக்கைக்கு இடக்கை என்ற விதி கோர்ட்டெஸுக்கும் ஹில்லுக்கும் சமமாகவே பொருந்தும். அவர்கள் இருவருக்கும் இடையே அந்த விதி வாயே திறக்காது. அங்கே பேச வேண்டியது யாருடைய கை சூடாக இருக்கிறது என்பது. அதனால்தான் ஹில் வந்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் வாதாடுகிறேன்.

அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், அக்டோபர் 30 அன்று, டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் மவுண்டுக்கு நடந்தார். எட்டாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 7-6, ஒருவர் அவுட், இரண்டு பேர் பேஸில். ப்ளேக் ட்ரைனன் வழக்கத்தைவிட அதிகம் வீசிக் களைத்திருந்தார். ராபர்ட்ஸ் அவர் மார்பில் கைகளை வைத்து முகத்தைப் பார்த்தார், விட்டுவிட்டுத் திரும்பினார். வெளியிலிருந்து பார்த்தால் லிட்டில் பெட்ரோவிடம் செய்த அதே காரியம். ஆனால் ராபர்ட்ஸின் தொடக்கப் பிட்சர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே விழுந்துவிட்டார். புல்பென் கிட்டத்தட்டக் காலி. மிச்சம் இருந்த சிலரில் ஒருவர் ஒரு நாள் ஓய்வில் இருந்த வாக்கர் ப்யூலர், அவரும் ஒன்பதாவதுக்கு வேண்டும். யாங்கீஸ் பேட்டர் ஸ்டான்டன் முதல் பந்திலேயே கேட்ச் கொடுத்தார், ரிசோ ஸ்ட்ரைக்அவுட், ஒன்பதாவதில் ப்யூலர் மூவரையும் வரிசையாக அனுப்பினார். ஸ்டான்டன் அந்தப் பந்தை வேலிக்கு வெளியே தூக்கியிருந்தாலும் நான் ராபர்ட்ஸ் பக்கம்தான் நின்றிருப்பேன்.