நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளை

ஹைதராபாத் உசேன் சாகர் ஏரிக் கரையில், கட்டைகளின் மேல் ஓர் அலுமினியப் படகு ஏறி நிற்கிறது. ஏரியில் மிதக்கும் குப்பையை வாருகிற வேலைப் படகு. அதன் டீசல் எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏரித் தண்ணீரையே உறிஞ்ச வேண்டும். அதற்காக அடித்தகட்டில் ஒரு துளை, நீர்மட்டத்துக்குக் கீழே.

துளை போட வந்திருக்கும் மேஸ்திரி, உஸ்தாத், அவருக்கு அறுபது வயதிருக்கும். டிரில்லிங் மெஷினை இன்னும் தொடவில்லை. டேப்பும் பென்சிலும்தான் கையில். படகுக்குள் குனிந்து இரண்டு சட்டங்களுக்கு நடுவில் அளக்கிறார். வெளியே வந்து வெல்டிங் தையலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார். மறுபடி உள்ளே. நட்டைத் திருக ஸ்பானர் சுழலுமா என்று வெறுங்கையைச் சுழற்றிப் பார்க்கிறார்.

உதவிக்கு நிற்கும் பையன், துளையில் பொருத்தப் பித்தளை ஃபிட்டிங் ஒன்றை நீட்டுகிறான். கனமானது, பளபளப்பானது.

“நக்கோ, பேட்டா.”

அவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்று விளக்கம் இல்லை. பித்தளையில் இருக்கும் செம்பு, தண்ணீருக்குள் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். அரித்துப்போவது அலுமினியம். சாக்கடை கலந்த இந்த ஏரியில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். உஸ்தாத் தன் பையிலிருந்து எடுப்பது கண்ணாடி இழை கலந்த கறுப்பு நைலான் ஃபிட்டிங். பார்வைக்கு ஒன்றுமில்லை, இங்கே அதுதான் சரி.

முதலில் உள்ளேயிருந்து மூன்று மில்லிமீட்டர் துளை. அது வெளியே எந்த இடத்தில் தலைகாட்டுகிறது என்று பார்த்த பிறகே ஹோல் சா. மெஷின் மெதுவாகச் சுற்றுகிறது. வேகம் கூடினால் அலுமினியம் இளகிப் பற்களில் அப்பிக்கொள்ளும்; பிறகு வெட்டு விழாது, தேய்ப்புதான். பையன் தூரிகையால் மண்ணெண்ணெய் தொட்டு வைக்கிறான். உஸ்தாத் அடிக்கடி வெளியே இழுத்துப் பற்களைத் துடைக்கிறார். முழங்கையெல்லாம் வெள்ளிச் சுருள். தகடு விடப்போகும் நேரத்தில் அழுத்தத்தைத் தளர்த்துகிறார். வில்லை கழன்று விழுகிறது. எடுக்கப் பாய்ந்த பையன் சூடு பட்டுக் கையை உதறுகிறான்.

துளை போட்ட நேரத்தைவிட அதன் விளிம்பை அரம் போட்ட நேரம் அதிகம். பிசிறு தட்டுகிறதா என்று விரலை உள்வட்டத்தில் ஓட்டுகிறார், மறுபடி அரம், மறுபடி விரல். பையன் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகளை எடுக்கிறான். காந்தத்துக்கு வராத அலுமினியச் சுருளை ஈரத்துணியால் ஒற்றுகிறான்.

ஏரி நடுவில் புத்தர் நிற்கிறார். 1990 மார்ச்சில் அந்த ஒற்றைக்கல் சிலையை ஏற்றிச் சென்ற மிதவை இதே தண்ணீரில் சரிந்து ஆட்கள் மாண்டார்கள். சிலையை மேலே எடுக்க 1992 டிசம்பர் ஆயிற்று. இந்தத் துளையின் மேல் தினமும் துப்புரவுத் தொழிலாளர்கள் நின்று வேலை செய்யப் போகிறார்கள். அந்த விரலின் பொறுமை அவர்களுக்காக என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தின்னர் போட்டுத் துடைத்தாயிற்று. சீலன்ட் தடவி, ஃபிட்டிங்கைச் செருகி, உள்ளே நட்டைப் பூட்டுகிறார். பசை சுற்றிலும் ஒரே சீராகப் பிதுங்கியதும் நிறுத்திக்கொள்கிறார். இன்னும் திருகினால் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

மேற்பார்வையாளர் பைக்கில் வந்து இறங்குகிறார். சாயங்காலம் படகை இறக்கலாமா?

“பர்சோ.”

நாளை மறுநாளா? மேலிடத்தில் கேட்டால் அவர் என்ன சொல்வது? குரல் உயர்கிறது. பசை இறுக வேண்டும் என்றுகூட உஸ்தாத் பதில் சொல்லவில்லை. பையனிடமிருந்து ஸ்பானரை வாங்கித் தன் பையில் போட்டுப் பூட்டுகிறார்.