தெரிவும் முடிவும்

கதை கேட்பவனுக்குக் கதையின் முடிவில் உரிமை இல்லை என்பது நெடுங்காலமாக நிலவிவந்த நியதி. கோவலன் மதுரையிலே வெட்டுண்ணப் போகிறான் என்பதைக் கூத்துப் பார்க்க வந்த சிறு பிள்ளையும் அறியும். ஆயினும் அவன் சிலம்பை விற்கப் புறப்படும்போது அவனைத் தடுக்க எவராலும் இயலாது. அண்ணாவியார் பாட, மத்தளம் முழங்க, விடியும்வரை விழித்திருந்து, முன்பே அறிந்த துயரத்தை மீண்டும் ஒருமுறை அனுபவித்து வீடு திரும்புவதே நம் முன்னோர் கண்ட கதையின்பம். இந்நியதியை மாற்றிய புதியதொரு கலைவடிவம் அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. கணினி விளையாட்டு என்று அதனைப் பொதுவாகச் சொல்கிறோம். யப்பானில் 1995 இல் வெளிவந்த 'குரோனோ டிரிகர்' என்ற விளையாட்டுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன. ஆடுபவர் எப்போது, எதைச் செய்தார் என்பதற்கேற்பக் கதை முடிந்தது. பொழுதுபோக்கு என்ற அளவில் இதனை ஒதுக்கிவிடுவது முறையாகாது என்பது என் எண்ணம்.

நான் நெருங்கிப் பழகியது 'த விட்சர் 3: வைல்ட் ஹன்ட்' என்னும் விளையாட்டுடன். போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் என்ற நிறுவனம் 2015 மே மாதத்தில் அதனை வெளியிட்டது. அந்நாட்டு எழுத்தாளர் அந்திரே சப்கோவ்ஸ்கியின் மாயப் புனைகதைகளை அடியொற்றி எழுந்தது அது. கூலி பெற்றுப் பூதங்களையும் பேய்களையும் வேட்டையாடும் கெரால்ட் என்பவன் கதைத்தலைவன். போரினால் சிதைந்த ஊர்களின் ஊடாக, தான் வளர்த்த மகளான சீரியைத் தேடி அலைகிறான். பல்கலைக்கழக விடுமுறையில், மருதனார்மடத்திலுள்ள எங்கள் வீட்டில், மச்சான் தந்துவிட்டுப் போன பழைய கணினியில் நான் அவனாக அலைந்தேன்.

அக்கதையில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. அங்கே முதிய மரமொன்றின் அடியில் ஓர் ஆவி சிறைப்பட்டிருக்கிறது. தன்னை விடுவித்தால், மூன்று சூனியக்காரிகளின் பிடியிலுள்ள அநாதைப் பிள்ளைகளைக் காப்பதாக அது வாக்களிக்கிறது. நம்புவதா, கொல்வதா என்பதை ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும். விடுவித்தால் பிள்ளைகள் பிழைப்பர். ஆனால் அயலிலுள்ள கிராமம் ஒன்று அழியும். அச்சூனியக்காரிகளுக்கு அடிமைப்பட்டிருந்த ஒரு பெண் உருமாறி இறப்பாள். அவளுடைய கணவன் தூக்கிட்டு மாள்வான். ஆவியைக் கொன்றாலோ பிள்ளைகள் இல்லாமற் போவர். அப்பெண் சித்தம் கலங்கிய நிலையில் உயிர் தப்புவாள். கணவன் அவளுக்கு வைத்தியம் தேடி மலைநாட்டுக்கு அழைத்துச் செல்வான். நன்மைக்கு ஒரு வழி, தீமைக்கு ஒரு வழி என்று பாதை இங்கே பிரியவில்லை. விளைவும் அக்கணமே வந்து நிற்பதில்லை. வேறு பல காரியங்களைச் செய்து, மரத்தை ஏறத்தாழ மறந்துவிட்ட வேளையிலேதான் வருகிறது.

இதனினும் என்னைச் சிந்திக்க வைத்தது சீரியின் முடிவு. உலகைக் காக்கப் புறப்படும் அவள் திரும்பாமலே போகலாம். வளர்த்தவனைப் போல வேட்டைத் தொழிலை மேற்கொள்ளலாம். அல்லது பேரரசின் முடிக்கு உரியவளாகலாம். அவள் திரும்புவாளா என்பதை நிர்ணயிப்பவை வாள்வீச்சும் மந்திரமும் அல்ல. மனமுடைந்திருக்கும் மகளுக்கு மதுவை ஊற்றிக் கொடுப்பதா, வெளியே அழைத்துச் சென்று பனியை உருட்டி எறிந்து விளையாடுவதா? பெரியோர் சபையொன்றுக்கு அவளைத் தனியே பேசப் போகவிடுவதா, துணையென்று கூடப் போய் நிற்பதா? தனக்கு உதவி, அதனால் அழிந்த இளைஞனின் புதைகுழியைக் காண அவள் விரும்பும்போது உடன் செல்வதா, நேரமில்லை என்பதா? இத்தகைய சின்னஞ்சிறு செயல்களே அவளுடைய கதியைத் தீர்மானிக்கின்றன. இவை முக்கியமானவை என்று விளையாட்டு எவ்விடத்திலும் எச்சரிப்பதில்லை. பிள்ளைகளைத் தனியே அனுப்பத் தயங்கும் நம்மூர்ப் பெற்றோர் இப்பகுதியை ஆடிப் பார்த்தால் என்ன செய்வர் என்று எண்ணிச் சிரித்ததும் உண்டு.

ஆயின் இங்கே ஒரு தடை எழுகிறது. விளையாட்டை எந்த இடத்திலும் சேமித்து வைக்கலாம்; முடிவு பிடிக்காவிட்டால் அந்த இடத்துக்குத் திரும்பி மறுவழியை எடுக்கலாம். என் நண்பர் சிலர் எந்த விடையைச் சொன்னால் எந்த முடிவு கிட்டும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டு ஆடுகின்றனர். அப்போது அறத்தெரிவு சந்தையில் பொருள் பொறுக்குவதற்கு ஒப்பாகிவிடுகிறது. இக்குறையை உணர்ந்தவர் அமெரிக்கரான டோபி பொக்ஸ். அவர் 2015 செப்டெம்பரில் வெளியிட்ட 'அண்டர்டேல்' விளையாட்டில் எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். எல்லோரையும் கொன்றும் முடிக்கலாம். ஆனால் அனைவரையும் கொன்று முடித்த ஒருவர், பின்னர் தொடக்கத்திலிருந்து ஆடி இனிய முடிவை அடைந்தாலும், பழைய கறை அம்முடிவில் வந்து படியும். திரும்பிப் போகலாம், போனதை இல்லாமற் செய்ய முடியாது.

ஒருநாள் இரவு அப்பா என் பின்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழைய சேமிப்பைத் திறந்து மீண்டும் அந்த மரத்தடிக்கு வந்திருந்தேன்.

"உது முந்தியே முடிச்ச இடமெல்லே?" என்றார்.

"ஓம் அப்பா. மற்ற மாதிரிச் செய்தால் என்ன நடக்குமெண்டு பாக்கிறன்."

சற்று நேரம் பேசாதிருந்தார். "நினைச்ச உடனை திரும்பிப் போகலாமோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து சென்றார்.

அக்கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி, இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கிகளில் அறிவிக்கப்பட்டது. அன்றிரவு மழையில், இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தனர். எங்கள் அப்பம்மா நடக்க இயலாதவர். பெரியப்பா அவருடன் வீட்டிலே நின்றுவிட்டார். அப்பா தம் இரு தங்கைமாரையும் அழைத்துக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனார். டிசெம்பரில் அப்பம்மா காலமானார். தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் இளைய மகன் என்பது நம் வழக்கம். அந்த இளைய மகன் பாலத்துக்கு அப்பால் இருந்தார். செய்தி கிடைத்ததே பல வாரங்களின் பின்னர்தான். பெரியப்பாவே கொள்ளி வைத்தார். அடுத்த ஆண்டு சனங்கள் வலிகாமத்துக்குத் திரும்பியபோது அப்பாவும் மாமிமாரும் திரும்பினர்.

அண்ணனும் தம்பியும் இன்றும் ஒரே வளவில், ஒரு கிணற்றின் இருபுறத்தும் வாழ்கின்றனர். நல்லது கெட்டதில் ஒருவரையொருவர் விட்டதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அப்பம்மாவின் திவசத்தன்று, படையல் முடிந்து எல்லோரும் உண்டெழுந்தபின், அந்தப் பேச்சு வந்தே தீரும். "நீ நிண்டிருக்கலாம்" என்பார் பெரியப்பா. "தங்கச்சிமாரை ஆர் கொண்டு போறது?" என்பார் அப்பா. அத்துடன் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொருவரும் மற்றவரின் தெரிவை அதன் முடிவைக் கொண்டே அளக்கின்றனர்.

எங்கள் ஊரின் ஆஞ்சநேயர் கோயிலைக் கடந்து செல்கையில் இராம கதை எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. இராவணன் செய்தது பிழை என்று அவனுடைய தம்பியர் இருவருமே அவனுக்கு எடுத்துரைத்தனர். சொல்லியும் கேளாதபோது வீடணன் பிரிந்து போனான். கும்பகர்ணன் நின்று போரில் மாண்டான். ஒரே வீடு, ஒரே கேள்வி, இரு முடிவுகள். கணினிக்கு நெடுங்காலம் முன்னரே நம் கதை இரு வழிகளையும் ஒருசேர நடந்து காட்டியிருக்கிறது. எது சரி என்று பட்டிமன்றங்கள் இன்னும் வாதிடுகின்றன. ஒருநாள் தீர்ப்பு மறுநாள் மாறுகிறது. கம்பன் இருவரில் எவரையும் இழிவுபடுத்தவில்லை. அடைக்கலம் கேட்டு வந்த வீடணனை ஏற்கலாமா என்று மற்றவர்கள் ஐயுற்றபோது, ஏற்கலாம் என்று வாதிட்டவன் அனுமன். போரின் முடிவு அப்போது எவருக்கும் தெரியாது. வந்தவனைப் பற்றித் தான் கண்டதையும் அறிந்ததையும் கொண்டே அவன் பேசினான்.

பல முடிவுகளைக் கொண்ட கதைகளால் நாம் பெறத்தக்க பயன் இதுவே என எனக்குத் தோன்றுகிறது. நல்ல முடிவைத் தேடிப் பிடிப்பதற்கு அவை பயன்படலாம். அது சிறு பயன். நாம் எடுக்காத வழியிலும் சிறிது தூரம் நடந்து பார்க்க அவை இடந்தருகின்றன. அவ்வாறு நடந்து பார்த்தவன், மறுவழியில் சென்றவனும் நம்மைப் போலவே முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல்தான் காலடி வைத்தான் என்பதை உணர்வான். முடிவை வைத்துத் தெரிவை அளப்பது எளிது. தெரிந்தெடுத்த அந்த வேளையில் நின்று அளப்பதே நீதி.

இவ்வாண்டுத் திவசத்தன்று வழக்கமான பேச்சு தொடங்கியபோது, நான் பெரியப்பாவிடம், "அண்டைக்கு இரவு என்ன நடக்குமெண்டு நினைச்சனீங்கள், பெரியப்பா?" என்று கேட்டேன். இதுவரை எவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லைப் போலும். சிறிது யோசித்துவிட்டு, "ரெண்டு கிழமையிலை எல்லாரும் வந்திடுவினம் எண்டுதான். அதுதானே சைக்கிளையும் இவனிட்டைக் குடுத்துவிட்டனான்" என்றார். அப்பா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். "நானும் அப்பிடித்தான் அண்ணை. அதுதான் அரிசி மூட்டையை அம்மாவுக்கு விட்டிட்டுப் போனனான்" என்றார். பிறகு, சைக்கிள் பாலத்தடியில் காற்றுப்போன கதையை இருவருமாகச் சொல்லத் தொடங்கினர். நின்றிருக்கலாம் என்ற சொல் அன்று மீண்டும் எழவில்லை.